கரண்டியால் மூன்று தட்டு

அவள் வேலையை விட்டு எழுபத்து மூன்று நாளாகியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

காலை எட்டே காலுக்கு வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். பையில் மதியச் சாப்பாடு, குடை, அப்புறம் வீட்டுக் குழாயில் பிடித்த ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று தொடங்கிய பழக்கம் அது. அப்பா லிப்ட் மெக்கானிக். மகள் சரி சொல்லாத தண்ணீரை அவர் தொண்டையில் இறக்குவதில்லை. பழுது பார்க்கப் போன இடத்தில் யாராவது டம்ளரை நீட்டினால், தன் வீட்டுத் தண்ணீரை மகள் மெஷினில் வைத்துப் பார்க்கும் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்கூட அந்தக் கதை முடியும்வரை வெளியே வர முடியாது என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார்: "இன்னிக்குத் தண்ணி எப்படி, பாப்பா?"

அவள் சொல்லுவாள். பி.எச். ஏழு புள்ளி மூன்று, குளோரின் அளவோடு இருக்கிறது, கலங்கல் இல்லை. அதில் ஒன்றும் பொய் கிடையாது. எங்கே போகிறாள், யாரோடு இருக்கிறாள், மதியம் எதற்குச் சிரித்தாள் என்று எல்லாவற்றிலும் பொய் சொல்ல முடிந்த அவளுக்குத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் பொய் வரவில்லை. நிறம் மாறும் சோதனைக் காகிதம் ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். மெத்தைக் கடை மாடியில், கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, காகிதத்தை நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மிச்சத் தண்ணீரை அங்கிருந்த செடிக்கு ஊற்றுவாள். செடி கொழுத்துப் போய் ஜன்னல் கம்பியெல்லாம் ஏறிவிட்டது.

மெத்தைக் கடை மாடியில்தான் கொசுவின் ஸ்டூடியோ.

கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன். எந்நேரமும் மூக்கால் ஏதாவது மெட்டு போட்டுக்கொண்டே இருப்பான். ஒரு தேர்வில் மேற்பார்வையாளர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், கொசு வருகிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டம் வாங்கியதும் அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அவன் ஒரு கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தான். கீழ்க் கடைக்காரர் விற்க முடியாத மெத்தைகளைக் கொடுத்தார். அவற்றை நான்கு சுவரிலும் சாய்த்து வைத்ததில் தெருச் சத்தம் அடங்கியது. ஏ.சி. போட்டால் இரைச்சல் பதிவாகும் என்பதால், பாட வருகிறவர்கள் மெத்தைகளுக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்துப் பாடினார்கள். தலைவலித் தைலம், பள்ளிக்கூடப் பை, டயர் என்று விளம்பரங்கள் வந்தன. டயர் விளம்பரம் அண்ணன் மூலமாக வந்தது. அதற்கு வார்த்தை யார் போட்டது என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

மெட்டு பிறந்தவுடன் அதைப் பாடிக் காட்ட ஏதாவது வார்த்தை வேண்டும். அர்த்தம் வேண்டியதில்லை; அசை சரியாக விழுந்தால் போதும். அதற்குப் பெயர் டம்மி. பிறகு பாடலாசிரியர் நிஜ வரிகளை எழுதியதும் டம்மி குப்பைக்குப் போய்விடும். கொசுவுக்கு டம்மி வராது. நான்காவது வார்த்தையிலேயே திக்கி நின்றுவிடுவான். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பரிசோதனைக் கூடம் விட்டு வந்து, மெட்டைக் கேட்டு, அன்று காலை வீட்டில் காதில் விழுந்ததை அப்படியே அசை பிரித்து உட்கார வைப்பாள். குப்பைக்குப் போகிறதுதானே என்று கூச்சமும் இருக்காது. நாலு பேர் நடுவில் தன் முறை வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவள், மெத்தைகளுக்கு நடுவே அம்மாவின் குரலில் அப்பாவைத் திட்டி மைக்கில் பாடினாள்.

அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. படத்தில் ஒரு காலைக் காட்சி. ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஐந்து பேர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பெரிய பாடலாசிரியர் ஒருவர் அதற்கு நிலவையும் பனித்துளியையும் அனுப்பியிருந்தார். பாடகர் அதைப் பாடியும் முடித்திருந்தார். இயக்குநருக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில்தான் கொசுவின் பழைய வியாதி வேலையைக் காட்டியது. அவன் கம்ப்யூட்டரில் 'பைனல்', 'பைனல் புதுசு', 'இதுதான் பைனல்', 'சத்தியமா பைனல்' என்று நான்கு கோப்புகள் இருந்தன. சத்தியத்தை நம்பி நான்காவதை அனுப்பினான். அதில் இருந்தது அவளுடைய டம்மி.

இயக்குநர் போன் செய்தபோது இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வீடு தம்பி இது? எனக்கு அந்த வீட்டுக்குள்ள போகணும் போல இருக்கு."

நிலவு குப்பைக்குப் போயிற்று. டம்மி பாட்டாயிற்று. அதைப் பாட வந்த பாடகி மூன்றாவது டேக்கில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். படத்தில் இன்னும் மூன்று பாட்டுக்கு அவள்தான் வார்த்தை என்றார் இயக்குநர். அவள் மறுநாளே பரிசோதனைக் கூடத்தில் ராஜினாமா கொடுத்தாள். வீட்டில் சொல்வதற்குச் சரியான நேரம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எழுபத்து மூன்று நாள் போய்விட்டது. அப்பா பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டையைப் படம் எடுத்துத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தார். அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு எந்த நேரம் சரியான நேரம்?

அதனால்தான் பாட்டு வெளியானபோது எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் டயர் கடையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல், எல்லாரும் இதைக் கேளுங்கள் என்று போனை மேசைமேல் வைத்தான். கடையில் காலையிலிருந்து இதுதான் ஓடுகிறதாம். அம்மா யாருடைய பேண்டையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். உதட்டு நடுவே நான்கு குண்டூசி. அப்பா செய்தித்தாளை மடிக்கவில்லை.

*உள்ள போனவரு வந்தாரா - இல்ல
ஊரை விட்டே போனாரா*

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். அப்பாவைப் பார்த்து எழுதினது மாதிரியே இருக்கிறது என்றான். அப்பாவும் சிரித்தார். எந்த வீட்டிலும் நடக்கிறதுதானே என்றார்.

*ஒரு சாக்ஸு இங்க கிடக்கு - அதன்
ஜோடி எங்க வாழுது*

அம்மாவின் கை நின்றது.

*ஊரு லிப்ட்டு எல்லாம் ஏறுது - நம்ம
வீட்டு வெந்நீர் ஏறல
கரண்டியால மூணு தட்டு - அந்த
கல்லு மனசு மாறும்*

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். அவர்கள் வீட்டு வெந்நீர் மெஷினைக் கரண்டியால் மூன்று முறை தட்டினால்தான் வேலை செய்யும். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் ஆறு வருஷமாக அதைச் சரிசெய்து தரவில்லை என்பது அம்மாவின் நிரந்தரக் குறை.

"இது நான் சொன்னது," என்றாள் அம்மா. "ஒரு வார்த்தை மாறல."

செய்தித்தாள் தானாகக் கீழே இறங்கியது. அண்ணன் மறுபடி போட்டான். மறுபடியும் அதேதான். அவள் சமையலறை வாசலில் நின்று, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது தன்னைத் திரும்பிப் பார்த்தால் அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டுவிடுவாள். யாரும் பார்க்கவில்லை. பேசாத பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று பேரும் குளியலறைப் பக்கம் பார்த்தார்கள்.

அவர்கள் குளியலறை ஜன்னலும் எதிர் வீட்டுக் குளியலறை ஜன்னலும் ஒரே சந்துக்குத் திறப்பவை. எதிர் வீட்டில் இருந்தவர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். தனியாள். படிக்கட்டில் பார்த்தால்கூட யாரிடமாவது கிளட்ச் பற்றித்தான் பேசுவார். அதனால் கட்டிடம் முழுக்க அவர் கிளட்ச் சார். அவர் காரின் பின் கண்ணாடியில், 'பின்னால் வருவோர் பொறுத்தருள்க, முன்னால் இருப்பவர் முதல் நாள்' என்று எழுதியிருக்கும்.

"கார்லயே எதுகை எல்லாம் போட்டு எழுதியிருக்கான் பாருங்க," என்றாள் அம்மா. "எனக்கு அப்பவே தெரியும், சாதாரண ஆளு இல்லன்னு."

அண்ணன் உடனே விசாரணையில் இறங்கினான். ஸ்பேனர் கடன் கேட்கிற சாக்கில் எதிர் வீட்டுக்குப் போய், அப்படியே குளியலறையையும் கேட்டு உள்ளே புகுந்தான். இங்கே அம்மா சந்துப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், சாக்ஸ் வசனத்தைச் சொன்னாள். திரும்பி வந்தவன், நீ மூச்சு விட்டதுகூடக் கேட்டது என்றான். வழக்கு அங்கேயே தீர்ந்துபோயிற்று.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு வேறொரு விஷயமும் தோன்றியது. "பாப்பா, இப்பல்லாம் நீ கிருமி பத்திச் சொல்றதே இல்லையே?" என்றார். சோதனைக் காகிதத்தில் கிருமி தெரியாது. கிருமி பார்க்கிறவர்கள் வேறு பிரிவு என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். அந்தப் பிரிவும் இந்தப் பிரிவும் தனக்கு இப்போது இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். சண்டை போடத்தான் போனாராம். ஆனால் அந்த மனுஷனைப் பார்த்ததும், நம் வீட்டுக் கதையை ஊரே பாடுகிறதே என்ற நினைப்பில் கை தானாக நீண்டு குலுக்கிவிட்டதாம். கிளட்ச் சார், எந்தப் பாட்டு என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அந்தத் தன்னடக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தோளில் தட்டினார். நாலு தடவை தட்டியதும் அவர் சும்மா சிரித்தாராம். ஞாயிற்றுக்கிழமை டீக்கு வரச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் சேதி ஏழு மாடிக்கும் ஏறியது. லிப்டில் கிளட்ச் சாருக்கு வழிவிட்டார்கள். ஒரு பெண் தன் மாமியார் பேசுவதைச் சொல்லி, இதையும் பாட்டில் சேருங்கள் என்றாள். அம்மாவோ அவரைவிட அதிகமாகத் தலைநிமிர்ந்து நடந்தாள். வார்த்தை தன்னுடையது என்று தைக்கத் துணி கொண்டுவந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நம்பாதவர்களை உள்ளே கூட்டிப் போய்க் கரண்டியால் மூன்று தட்டு தட்டிக் காட்டினாள்.

வீடு இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தான் எழுதியதுதான் இந்தச் சிரிப்புக்கெல்லாம் காரணம் என்று நினைத்தால் உள்ளங்கால்வரை சந்தோஷம் ஓடியது. தன் செருப்பைப் போட்டுக்கொண்டு வேறொருவர் தன் கண் முன்னாலேயே நடந்து போகிற மாதிரியும் இருந்தது. அளவுகூட அவருக்குப் பொருந்தவில்லை.

சனிக்கிழமை கொசு அவளை உட்கார வைத்துப் பேசினான். படத்தின் பெயர்ப் பட்டியல் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குமேல் ஓர் எழுத்து மாற்ற முடியாது. இயக்குநர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: பெயர் கொடுக்காத ஆளோடு இனி வேலை இல்லை. இன்றைக்குக் காலியாக விட்டால் நாளைக்கு எவனாவது வந்து நான்தான் என்று நிற்பான்.

ஏற்கெனவே ஒருத்தர் நிற்கிறார் என்றாள் அவள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கொசு மெத்தைமேல் விழுந்து புரண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"புனைபேர் வச்சுக்கலாம். ஆனா அப்பவும் அது யாருன்னு உங்க வீட்டுக்குத் தெரியாது. நீ காலம் பூரா டம்மியாவே இருக்கப் போறியா?"

அவள் எழுந்தாள். கழுவு தொட்டிக்குப் போய்க் காகிதத்தை நனைத்துப் பார்த்தாள். ஏழு புள்ளி இரண்டு.

ஞாயிறு மாலை நான்கரைக்குக் கிளட்ச் சார் வந்தார். புதுச் சட்டை, விலைச்சீட்டு பின்கழுத்தில் தொங்கியது. யாரும் சொல்லவில்லை. அம்மா கேக் வாங்கி வைத்திருந்தாள். அப்பா அவரை மின்விசிறிக்கு நேர்க் கீழே உட்கார வைத்தார். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். முதலில் கேக் என்று அப்பா ஒரு துண்டை நீட்டினார். அதை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அண்ணன் இன்னொரு துண்டை வைத்தான். மூன்றாவது முறை அவர் வாயைத் திறந்ததும் டீ வந்துவிட்டது.

அவள் ஜன்னல் பக்கம் நின்று அவரையே பார்த்தாள். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் லைசென்ஸ் கிடைத்த மறுநாளே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள். யார் திரும்பி வந்து கை குலுக்கியிருப்பார்கள்? அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. யாராவது தோளில் தட்டி எத்தனையோ காலமாகியிருந்தது, அவ்வளவுதான். அவர்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. கொசு. மணி ஐந்து.

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பல நாள் சந்தேகம் ஒன்று என்று ஆரம்பித்தாள். "எல்லாம் காதுல விழுந்திருக்கும், சரி. ஆனா அந்தக் கரண்டியால எதைத் தட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அது பாட்டுல இல்லையே."

கிளட்ச் சார் விழித்தார். அப்பாவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"கதவைத்தானே? உள்ள போனவரு வெளிய வரணும்னு…"

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். இது வேற ஆள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மறுபடி சிரித்தாள். கிளட்ச் சார் தட்டை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பாட்டை நான் வியாழக்கிழமை ராத்திரிதாங்க முதல்முதலாக் கேட்டேன். நீங்க சொன்ன பிறகு. நல்ல பாட்டு. இல்லைன்னு சொல்லத்தான் மூணு நாளா பாக்குறேன், யாரும் விட மாட்டேங்குறீங்க."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சிவந்தது. தப்பு தன்னுடையதுதான், தான் தட்டிய தட்டில் யாரானாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இனி பாட்டு எழுதாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை டீ டீதான் என்றாள் அம்மா. கிளட்ச் சார் சிரித்ததில் மூன்றாவது துண்டு கேக் குறுக்கே போய் இருமல் பிடித்தது.

"அப்ப எழுதினது யாரு?" என்றான் அண்ணன். "நம்ம வீட்டுக்குள்ள வந்து கரண்டியப் பாத்தவன் யாரு?"

அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் கண் அண்ணனைத் தாண்டி, ஜன்னல் பக்கம் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. மெதுவாக அந்த முகத்தில் ஏதோ விரியத் தொடங்கியது.

அப்பா எதையும் கவனிக்கவில்லை. இருமுகிறவர் முதுகைத் தடவிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சாருக்குத் தண்ணி கொண்டா, பாப்பா. இன்னிக்குத் தண்ணி எப்படி? குடிக்கலாமில்ல?"

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து கிளட்ச் சார் கையில் கொடுத்தாள்.

"குடிக்கலாம்ப்பா. ஏழு புள்ளி ரெண்டு. குளோரின் சரியா இருக்கு. ஆனா அதை நான் நேத்துப் பாத்தது லேப்ல இல்ல, ஒரு மெத்தைக் கடை மாடியில. வேலைய விட்டு இன்னிக்கோட எழுபத்தேழு நாளாச்சு. அந்தப் பாட்டை எழுதினது நான்தான்."